என் முகம் தெரிந்த காக்கைகள்

ஐம்பத்து மூன்று வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், புது வீடுகளின் முகப்பில் திருஷ்டிக்காகத் தொங்கவிடுவார்களே, கோரைப்பல்லும் முறுக்கு மீசையும் வைத்த பூத முகம், அதை எலாஸ்டிக்கில் கோத்து என் மூஞ்சியில் மாட்டிக்கொண்டு, கையில் ஒரு கிழிந்த கறுப்புக் குடைத்துணியை ஆட்டியபடி, சொந்த வீட்டு மொட்டைமாடியில் நின்று காக்கைகளை மிரட்டினேன். குடித்திருக்கவில்லை. வேண்டுதலும் இல்லை. படிப்புக்காகச் செய்தேன். படித்தவன் செய்கிற கோமாளித்தனத்துக்குக் கிடைக்கிற சலுகையே தனி. வேறு யாராவது செய்திருந்தால் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருப்பார்கள். என்னைச் சாயங்காலம் டீ கொடுத்து வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள்.

என்ன படிப்பு என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஒத்தக்கடையைத் தாண்டி, மேலூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கல்லூரி இருக்கிறது. வேலையில் இருப்பவர்களுக்காக அங்கே சனிக்கிழமைகளில் ஒரு சான்றிதழ்ப் படிப்பு நடத்துகிறார்கள். விலங்குகளின் நடத்தையும் அதன் பரிணாமமும். சனிக்கிழமை காலை பாடம். மற்ற நாட்களில் அவரவர் வீட்டுப் பக்கம் கிடைக்கிற ஒரு பிராணியைக் கவனித்து எழுத வேண்டும்.

பதினேழு வயதிலேயே எனக்கு விலங்கியலில் இடம் கிடைத்தது. அப்பா வாடிப்பட்டிப் பக்கத்து விவசாயி. "மாடு நம்ம வீட்டுலயே கெடக்கு. அதப் படிக்க எதுக்குப்பா காலேஜு?" என்றார். அதற்குப் பதில் தெரியாமல் வணிகவியல் படித்தேன். ஓர் அரசு அலுவலகத்துக்குள் நுழைந்தேன். முப்பது வருஷமாக மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். இத்தனை காலமும் விலங்கு நடத்தையைப் பார்க்கவே இல்லை என்று சொல்ல முடியாது. ஒரு நல்ல நாற்காலி காலியானால் அதைச் சுற்றி யார் எப்படி வட்டமிடுவார்கள், யார் யாருக்குப் பேன் பார்ப்பார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அதற்கு யாரும் சான்றிதழ் தருவதில்லை.

எங்களுக்குப் பாடம் எடுத்தவர் முப்பது வயதுகூட ஆகாத பெண். வகுப்பில் பாதிப் பேர் அவருடைய அப்பா வயதுக்காரர்கள். எங்களை "சார்" என்று கூப்பிட்டுக்கொண்டே முட்டிபோட வைக்கிற திறமை அவருக்கு இருந்தது. ஆளுக்கொரு பிராணியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். ஓய்வுபெற்ற ஒருவர் யானைமலை அடிவாரத்து மயில்களை எடுத்துக்கொண்டார். ஓர் அம்மா தன் தெரு நாய்களை. நான் காக்கை என்றேன்.

"ஏன் சார் காக்கா?"

"எளிதாகக் கிடைக்கும் மேடம்."

அது உண்மைதான். முழு உண்மை இல்லை.

அம்மா போய் அப்போது ஒரு வருஷம் ஆகப்போகிறது. அவள் போன பிறகு, நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அப்பா எங்களோடு வந்துவிட்டார். தினமும் மத்தியானம், தன் தட்டைத் தொடுவதற்கு முன்னால், ஒரு கைப்பிடி சோற்றை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறுவார். கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு, தண்ணீர்த் தொட்டி நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்காருவார். காக்கைகள் வரும். அவற்றில் இடது காலை ஊன்றாமல் நொண்டுகிற ஒன்று உண்டு. அது வந்து கொத்திய பிறகுதான் அப்பா கீழே இறங்குவார். "ஒங்கத்தை சாப்புட்டா. எனக்குப் போடும்மா" என்று என் மனைவியிடம் சொல்வார்.

வாழ்நாள் முழுக்கக் கடலைக் கொல்லையில் காக்கையைக் கவண் வைத்து அடித்தவர் அவர். குறி தப்பாது. அந்த மனிதர் ஒரு நொண்டிக் காக்கைக்காக வெயிலில் காத்திருப்பதை நான் சிரிக்காமல் பார்த்ததற்கு ஒரு காரணம் இருந்தது. ஒரே ஒரு தடவை, நான் கேட்காமலே, அவர் சொன்னார்.

"ஆஸ்பத்திரியில அன்னிக்கு, கீழ போயி ரெண்டு இட்லி தின்னுட்டு வாரேன்னு சொல்லிட்டுத்தான் போனேன். தலைய ஆட்டுனா. வாரதுக்குள்ள போயிட்டா. அவ போறப்ப நான் தின்னுக்கிட்டு இருந்திருக்கேன்."

அதற்கப்புறம் அவர் அம்மாவுக்கு முன்னால் சாப்பிட்டதில்லை.

எனக்கும் காக்கைமேல் ஒரு கண் இருந்தது. அம்மாவுக்கு ஒரு காது கேட்காது. யாராவது பேசினால் கேட்கிற காதைத் திருப்பி, தலையைச் சாய்த்து, ஒரு பக்கமாகப் பார்ப்பாள். நான் அலுவலகத்திலிருந்து போன் பண்ணினால்கூட அந்தச் சாய்வு எனக்குத் தெரியும். நொண்டிக் காக்கை சோற்றைக் கொத்துவதற்கு முன்னால் தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் என்னைப் பார்க்கும். கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் எந்தக் காக்கையும் அப்படித்தான் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும், பாடத்தில் வந்தது. தெரிந்த பிறகும் அடுத்த நாள் மாடிக்குப் போனேன். அதற்கடுத்த நாளும் போனேன். படிப்பு இருந்தது வசதியாகப் போயிற்று. ஐம்பது தாண்டிய ஆண் ஒருவன் அம்மா ஞாபகத்தில் மாடியில் நிற்கிறான் என்றால் அசிங்கம். ஆய்வு என்றால் பக்கத்து வீட்டுக்காரர்கள் வணக்கம் சொல்கிறார்கள்.

நொண்டிக் காக்கையைப் பற்றி நான் முதலில் எழுதிக் கொடுத்ததில் "சோகமாக உட்கார்ந்திருந்தது" என்று ஒரு வரி இருந்தது. மேடம் அதைச் சிவப்பில் அடித்தார்.

"சோகம் ஒங்களோடது சார். காக்காவோடது, கழுத்து எந்தப் பக்கம் திரும்பியிருந்துச்சுங்கிறது மட்டும்தான்."

அந்த வாரம் முழுக்க அந்த வாக்கியம் என்னோடு பஸ்ஸில் வந்தது.

அதிலிருந்து ஒழுங்காகப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். காக்கை நேராக உணவிடம் வராது. சற்றுத் தள்ளி இறங்கி, வேறு வேலையாக வந்ததுபோல் பாவனை செய்து, பக்கவாட்டில் தத்தித் தத்தி நெருங்கும். கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு நகர்கிறவர்களிடம் இதே நடையை நான் பார்த்திருக்கிறேன். பெரிய துண்டு கிடைத்தால் பூந்தொட்டி மண்ணில் புதைத்து, மேலே ஒரு சருகை இழுத்து மூடும். இன்னொரு காக்கை பார்த்துவிட்டது என்று தெரிந்தால், அது போகும்வரை சும்மா நின்று, பிறகு தோண்டி எடுத்து இடம் மாற்றும். சாப்பிட்டு முடித்ததும் அலகைச் சுவரில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துடைத்துக்கொள்ளும். இந்த அளவுக்கு நாகரிகம் எங்கள் அலுவலகக் கேன்டீனில் இல்லை.

ஒரு நடத்தையைப் பார்த்தால் "ஏன்" என்பதை நான்கு விதமாகக் கேட்க வேண்டும் என்பது பாடம். இந்த நிமிஷத்தில் அதை எது தூண்டுகிறது? பிறந்ததிலிருந்து எப்படிப் பழகியது? அதனால் பிழைப்புக்கு என்ன லாபம்? முன்னோர்களிடமிருந்து எந்த வழியாக வந்தது? ஒரு மத்தியானம் அப்பா நாற்காலியில் காத்திருந்தபோது, காக்கையை விட்டுவிட்டு அவரிடம் இந்தக் கேள்விகளை மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். முதல் இரண்டுக்கும் பதில் தெரிந்தது. மூன்றாவதில், ஓர் ஆள் தான் பட்டினி கிடந்து, செத்துப்போன ஒருத்திக்குச் சோறு வைப்பதில் பிழைப்புக்கு என்ன லாபம் என்ற இடத்தில், எனக்கு எழுத்து ஓடவில்லை.

இவ்வளவோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். பார்ப்பது மட்டும்தான் எங்களுக்குக் கொடுத்த வேலை. பங்குனி மாத வகுப்பு ஒன்றில் மேடம் சொன்னார்: காக்கைகளுக்கு மனித முகம் அடையாளம் தெரியும். தொந்தரவு செய்த முகத்தை நெடுநாள் மறக்காது. பார்க்காத காக்கைகளும் பார்த்த காக்கைகளிடமிருந்து அதைக் கற்றுக்கொள்ளும். செத்த காக்கையைப் போலக் கறுப்பாகத் தொங்குகிற எதையாவது கையில் வைத்திருந்தால் கூட்டம் கூடிக் கத்தும்.

வகுப்பில் எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். எனக்கு மட்டும் கை அரித்தது. மற்றவர்கள் மயில் அகவியது, நாய் காலைத் தூக்கியது என்று கொடுக்கும்போது, நான் சோதனை ஒன்றைச் செய்து முடித்துக் கொண்டுபோய் வைத்தால் எப்படி இருக்கும்? என் முகத்தைக் கெடுத்துக்கொள்ள முடியாது. நான் அந்த மாடியில் வாழ வேண்டியவன். அதனால்தான் முகமூடி. பழி பூதத்துக்கு, பெயர் எனக்கு. அரசு அலுவலகத்தில் முப்பது வருஷம் இருந்தவனுக்கு இப்படி யோசிப்பதற்குத் தனிப் பயிற்சி தேவையில்லை. வீடு கட்டுகிறவர்கள் நிறைந்த ஊர் எங்களுடையது. ஹார்டுவேர் கடையிலேயே பூதமுகம் அளவு அளவாகத் தொங்குகிறது. என் மூஞ்சிக்குச் சரியாக இருந்ததை வாங்கினேன்.

அப்பா சாப்பிட்டுக் கண்ணயர்ந்த நேரம் பார்த்து மாடி ஏறினேன். முகத்தை மாட்டினேன். குடைத்துணியை உதறினேன். எதிர்க் காலிமனை வேம்பிலிருந்து ஒரு காக்கை கத்தியது. அடுத்த நிமிஷம் வானத்தில் எங்கிருந்தெல்லாமோ கறுப்பு வந்து சேர்ந்தது. தலைக்கு மேல் சுற்றின. கத்தல் என்றால் சாதாரணக் கத்தல் இல்லை. தொண்டையைக் கிழித்துக்கொண்டு வைதன. ஒன்று என் உச்சந்தலையில் இறக்கையால் அறைந்துவிட்டுப் போனது. பயமாக இருந்தது. ஆனந்தமாகவும் இருந்தது. தெருவில் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். பக்கத்து வீட்டுத் தம்பி பைக்கை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"அண்ணே, வீடு கட்டிப் பத்து வருசமாச்சு. இப்பத்தான் திருஷ்டி கழிக்கிறீகளா?"

பதில் சொல்லத் திரும்பினேன். வேர்வையில் ஊறிய எலாஸ்டிக் அறுந்தது. பூதம் கழன்று தரையில் விழுந்தது. கையில் கறுப்புத் துணியோடு, வெறும் முகத்தோடு, அத்தனை காக்கைகளுக்கும் நடுவில் நான் நின்றேன். அவை ஒரு சுற்றுத் தாழ இறங்கி வந்து நிதானமாகப் பார்த்துக்கொண்டன.

பயம் ஒரு பரம்பரைச் சொத்து என்று படித்திருந்தேன். பயப்படாத காக்கைகளுக்குச் சந்ததி இல்லாமல் போயிற்று. இன்று நம் மாடிக்கு வருகிறவை எல்லாம் பயந்து பிழைத்தவற்றின் வாரிசுகள். நானும்கூடப் புலியை எதிர்த்து நின்றவனின் வம்சமாக இருக்க முடியாது; முதல் ஆளாக மரத்தில் ஏறியவனின் வம்சம்தான். இதையெல்லாம் அறிக்கையில் அழகாக எழுதினேன். மறுநாளிலிருந்து எங்கள் மாடிக்கு ஒரு காக்கைகூட வரவில்லை என்பதை எழுத மனம் வரவில்லை.

அப்பா சோறு வைத்தார். உட்கார்ந்தார். எறும்பு வந்தது. அணில் வந்தது. காக்கைகள் வேம்பில் இருந்தபடி பார்த்தன. வெகுநேரம் கழித்து என் மனைவி போய், "மாமா, மாத்திரை போடணும், வாங்க" என்று கெஞ்சி அழைத்து வந்தாள். பாதிச் சோற்றை ஒதுக்கிவிட்டு எழுந்துவிட்டார். அடுத்த நாளும் அப்படியே. அவருக்குச் சர்க்கரை உண்டு. நேரம் தவறினால் கை நடுங்கும், கண் இருட்டும்.

"கோவிச்சுக்கிட்டா போல" என்றார் அப்பா. யாரிடமும் சொன்னதுபோல் இல்லை.

என் மனைவிக்கு மறைத்துப் பேசுகிற பழக்கமில்லை. "அத்தைக்குக் கோவமெல்லாம் ஒண்ணுமில்ல மாமா. ஒங்க மகன் செஞ்ச வேல" என்று ஆரம்பித்து, பூதம், குடைத்துணி, பைக் தம்பி எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பா முழுக்கக் கேட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவன் மேல கோவம்னா நான் வச்ச சோத்த எதுக்கு விடணும்?" என்றார்.

காக்கைகளுக்கு அந்த இடமே ஆபத்தான இடமாகிவிட்டது, யார் வைத்தாலும் வராது என்று விளக்கினேன். சனிக்கிழமைப் பாடம் முழுவதையும் ஒப்பித்தேன். அப்பா பொறுமையாகத் தலையாட்டினார். பிறகு, "இல்லப்பா. அன்னிக்கு நான் தின்னுக்கிட்டுல்ல இருந்தேன்" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

திதிக்கு ஒரு வாரம்கூட இல்லை.

அந்த நாட்களில் நான் செய்யாத சமாதான முயற்சி இல்லை. வடை வாங்கி வைத்தேன். மீன்காரரிடம் கேட்டுக் குடல் வாங்கி வந்து வைத்தேன், பூனைகள் பெருத்தன. காக்கைகளுக்குத் தெரியட்டும் என்று வெறுங்கையை விரித்துக் காட்டியபடி மாடியில் நடந்தேன். நான் படியேறித் தலை தெரிந்ததுமே வேம்பில் ஒன்று குரல் கொடுக்கும், மற்றவை கிளம்பும். இத்தனை வருஷ உத்தியோகத்தில் என் வருகைக்கு இவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை. நொண்டிக் காக்கை எங்கும் தென்படவே இல்லை. அதைத்தான் தேடினேன். அலுவலக ஜன்னலுக்கு வெளியே எந்தக் காக்கை உட்கார்ந்தாலும் காலைப் பார்த்தேன்.

திதியன்று சமயநல்லூரிலிருந்து தங்கையும் அவள் வீட்டுக்காரரும் வந்தார்கள். எங்கள் வழக்கம் எளிமையானது. படத்துக்கு முன்னால் அம்மாவின் சேலையை வைத்து, அவளுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைத்து, தனியாக ஓர் இலையில் எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்து, மூத்த மகன் மாடிக்குக் கொண்டுபோய் வைத்துக் காக்கையைக் கூப்பிட வேண்டும். காக்கை தொட்ட பிறகுதான் வீட்டில் மற்றவர்கள் சாப்பிடலாம். மூத்த மகன் நான். ஒரே மகனும் நான்தான்.

இலையை வைத்தேன். "கா... கா..." என்றேன்.

வேம்பில் ஒரு குரல் எழுந்தது. பதில் இல்லை அது. எச்சரிக்கை.

"நல்லா கூப்புடுண்ணே" என்றாள் தங்கை. "ஆபீஸ்ல பியூனக் கூப்புடுற மாதிரி கூப்புடுற."

இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். அவள் வீட்டுக்காரர் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "மச்சான், எல்லாம் வயர்ல வரிசையா உக்காந்து ஒங்களையேதான் பாக்குதுக" என்றார். சோற்றில் ஆவி அடங்கியது. அப்பளம் வெயிலில் நமத்தது. அப்பா தொட்டி நிழலில் உட்கார்ந்திருந்தார். காலையில் குடித்த காபியோடு இருந்தார். முழங்கால்மேல் வைத்திருந்த அவர் விரல்கள் ஆடுவதை என் மனைவி எனக்குக் கண்ணால் காட்டினாள்.

"மாமா, ஒரு வாய் மட்டும். மாத்திரைக்காக."

"நீங்க எல்லாம் போயிச் சாப்புடுங்கம்மா. அவ வரமாட்டா. எனக்கு வேணாம்."

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் போய்விட்டது, அடுத்த பஸ் இல்லை என்று ஒருவர் சொல்வதுபோலச் சொன்னார்.

நான் படியில் இறங்கி நின்று மேடத்துக்குப் போன் பண்ணினேன். நடந்ததைச் சொன்னேன்.

"மாஸ்க் போட்டீங்களா? யாரு சார் ஒங்கள அதெல்லாம் பண்ணச் சொன்னா?"

"யாரும் சொல்லல மேடம்."

"அப்பா சாப்பிட்டாங்களா?"

"இல்ல. காக்கா வந்தாத்தான் சாப்புடுவாங்க."

குரல் மாறியது. "சரி, கேளுங்க. இடத்தவிட ஒங்க மேலதான் அதுங்களுக்குப் பயம் இன்னும் அதிகம். நீங்க இருக்குற வரைக்கும் எறங்காது. கதவுக்குப் பின்னாடி ஒளிஞ்செல்லாம் நிக்காதீங்க, கண்டுபிடிச்சிரும். தெருவ விட்டே போயிருங்க. நீங்க போறத அதுங்க பாக்கட்டும். வேற யாரையாவது கூப்பிட விடுங்க."

மேலே போய்ச் சொன்னேன். தங்கைக்குப் பொறுக்கவில்லை. "மூத்த மகன் இல்லாம அம்மா திதியா? எங்க வீட்டுல கேட்டா சிரிப்பாக."

"போகட்டும் விடு" என்றார் அப்பா. என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "அவன் நின்னு என்ன ஆச்சு."

அவர் சொன்னது உண்மை. செருப்பை மாட்டிக்கொண்டு, நடுத்தெருவில், காக்கைகளுக்கு நன்றாகத் தெரியும்படி நடந்தேன். வயரில் இருந்தவை தலையைத் திருப்பி என்னை வழியனுப்பின. தெருமுனை போகும்போது பின்னால் தங்கை கூப்பிடுவது கேட்டது. "கா... கா... வா, வந்து சாப்புட்டுட்டுப் போ." நாற்பத்தெட்டு வயதில் அவள் குரல் எப்போது அப்படி மாறியது என்று எனக்குத் தெரியாது. கடைசி எழுத்தை இழுத்து, முடிவில் ஒரு சின்ன அதட்டலோடு. விளையாடிக்கொண்டிருந்த என்னைச் சோற்றுக்குக் கூப்பிட்ட குரல். அந்தக் குரல் கூப்பிட்டால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும் என்று உடம்புக்குத் தெரியும். நான் எதிர்த்திசையில் நடந்துகொண்டிருந்தேன்.

வளைவில் இருக்கும் டீக்கடையில் போய் நின்றேன். சாப்பிடக்கூடாத நாள்; வெறும் தண்ணீர் கேட்டேன். நின்ற இடத்திலிருந்து வீடுகளின் இடைவெளியில் எங்கள் வரிசை தெரிந்தது. கறுப்புத் தண்ணீர்த் தொட்டி, வெளிறிய கைப்பிடிச் சுவர், சுவரை ஒட்டி ஒரு பச்சை. இலை. போன் காமிராவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெரிதாக்கியதில் மொத்த ஊரும் மங்கலாக ஆடியது. அப்பா தெரியவில்லை. உட்கார்ந்திருப்பவர், சுவருக்கு மேலே எப்படித் தெரிவார்? தங்கையும் தெரியவில்லை. கூப்பிட்டுவிட்டு விலகி நிற்பாள்.

பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆய்வாளனாக அல்ல. காக்கை வர வேண்டும் என்று ஒருவன் இவ்வளவு விரும்பினால் அவன் கவனிப்பவன் இல்லை. எது வந்தாலும் போதும், நொண்டியாகக்கூட இருக்க வேண்டாம், ஒரே ஒரு தடவை கொத்தட்டும், அவர் சாப்பிட்டுவிடட்டும் என்று நினைத்தேன். அப்படியே அதற்குள்ளாக இன்னொன்றும் நினைத்தேன்: நொண்டியாக இருக்கட்டும். நான் இங்கே நிற்பதை அது பார்க்காவிட்டாலும் பரவாயில்லை. நான் அதைப் பார்த்துவிட்டால் போதும்.

ஒரு கறுப்பு இறங்கியது. சுவரில் உட்கார்ந்தது. பக்கவாட்டில் தத்தியது. தத்தலில் ஓர் இழுப்பு இருந்தது. ஒரு காலை ஊன்றவில்லை. பச்சைக்கு நடுவில் போய், எதையோ எடுத்தது. தலையைத் தூக்கியது. இன்னொன்று எடுத்தது. அவசரமே இல்லை அதற்கு. வீட்டுக்காரி மாதிரி எடுத்தது.

என் கைகள் குவிந்ததை நான் கவனிக்கவில்லை. போன் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் இருந்தது. டீக்கடைக்காரர்தான் கவனித்தார்.

"அண்ணே, அந்தப் பக்கம் கோயில் எதுவும் இல்லையே?"

"வெயில்ல கண்ணு கூசுது" என்று சொல்லித் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

போன் அடித்தது. மனைவி. "வந்துருச்சுங்க. மாமா சாப்புட உக்காந்துட்டாக. வாங்க."

"தெரியும்" என்றேன்.

வீட்டுக்குப் போனபோது அப்பா சாம்பாரை முடித்து ரசத்துக்கு வந்திருந்தார். ஒரு வாரம் சாப்பிடாததையும் சேர்த்துச் சாப்பிட்டார். தங்கை பக்கத்தில் நின்று பரிமாறினாள்; அவள் கண் சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும் அப்பா பாயில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

"வந்தா" என்றார். "வடையத்தான் மொதல்ல எடுத்தா."

"ஆமாப்பா. பாத்தேன்."

"பாத்தியா?"

"நொண்டிக்கிட்டே வந்துச்சு. நடுவுல இருந்து எடுத்துச்சு. ரெண்டு தடவ."

அப்பா கையில் உருட்டிய கவளத்தோடு என்னையே பார்த்தார். "சாப்புடு" என்று தன் இலையிலிருந்த வடையை எடுத்து என் இலையில் வைத்தார். அவர் எனக்கு அப்படி எடுத்துவைத்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று யோசித்துக்கொண்டே தின்றேன். அலகு இருந்தால் துடைத்திருப்பேன்.

அதன்பிறகு காக்கைகள் அப்பாவிடம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பின, நான் மாடியில் இல்லாதபோது. மத்தியானம் வீட்டில் இருக்கும் நாட்களில் நான் கீழேயே இருந்துகொள்கிறேன். மேலே இறக்கைச் சத்தம் கேட்கும். அப்பா ஏதோ பேசுவது கேட்கும். படிக்கட்டின் கடைசிப் படிவரை போய் நிற்பேன். சான்றிதழ் வந்து பீரோவில் இருக்கிறது.

ஆனால் அந்தத் திதியன்று சாயங்காலம் எனக்கு எந்தக் குறையும் இல்லை. தங்கையும் மச்சானும் கிளம்பிப் போயிருந்தார்கள். அப்பா அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். மனைவி பாத்திரங்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்று, டீக்கடையிலிருந்து எவ்வளவு தெளிவாகத் தெரிந்தது, எப்படி இறங்கியது, எப்படி நொண்டியது, அந்த நேரத்தில் எனக்கு என்ன ஆயிற்று என்று, அவளிடம் நான் சாதாரணமாகச் சொல்லாத சில விஷயங்களையும் சேர்த்துச் சொன்னேன். அவள் குறுக்கிடாமல் கேட்டாள். கடைசிப் பாத்திரத்தையும் கவிழ்த்துவிட்டு, கையைத் துடைத்தபடி திரும்பினாள்.

"வளைவுல இருக்க டீக்கடைதான? அங்கிருந்து நம்ம மாடி எப்படிங்க தெரியும், நடுவுல அந்த மூணு மாடி வீடு நிக்குதுல்ல. நீங்க கும்புட்டது பின் தெரு டீச்சரம்மா மாடிய. பச்சச் சேலையில கூழ்வத்தல் காயப்போட்டுருந்தாக. காக்கா தூக்கிட்டுப் போயிருச்சுன்னு மத்தியானத்துல இருந்து வஞ்சுக்கிட்டு இருக்காக."